வ.உ.சி.யின் பொதுவாழ்வும் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாள், நவம்பர் 18 அவர் மறைந்த நாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டிப் பள்ளிகளில் பேச்சுப் போட்டிகளும் கட்டுரைப் போட்டிகளும் நடக்கும். அவற்றுக்கு மாணவர்களைத் தயார் செய்யும்போது பிள்ளைகளும் பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட முறையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் மேடைகளில் வ.உ.சி.யின் கதை 1908-இல் முடிந்துவிடுகிறது. சிறையிலிருந்து வெளியே வந்தபின் அவர் 24 ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதினார், பேசினார், கட்சியோடு முரண்பட்டார். அந்த ஆண்டுகளுக்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

வ.உ.சி. யார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

வள்ளிநாயகம் உலகநாதன் சிதம்பரம் என்று விரித்துச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. ‘வ’ என்பது வண்டானம் என்ற ஊரைக் குறிக்கும் என்று சொல்வார்கள். ‘உ’ தந்தை உலகநாத பிள்ளை, ‘சி’ அவருடைய பெயரான சிதம்பரம். தாயார் பரமாயி அம்மாள். 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். முதலில் சொந்த ஊரிலும் 1900 முதல் தூத்துக்குடியிலும் தொழில் செய்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு அரசுக்கு எதிராகப் பேசினார் என்று கைது செய்யப்பட்டு, 1912 டிசம்பர் வரை சிறையில் இருந்தார். பிறகு வறுமையோடு போராடிக்கொண்டே தமிழ் நூல்களைப் பதிப்பித்தார், உரை எழுதினார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார்.

இந்தியாவின் முதல் கப்பல் கம்பெனி இவருடையதுதானா?

இல்லை. மேடையில் அப்படிச் சொல்ல வேண்டாம். வங்காளத்தில் ஜோதிரிந்திரநாத் தாகூர் 1880-களிலேயே நீராவிக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டு நொடித்துப்போனார். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1894-இல் தூரக் கிழக்கு நாடுகளுக்குக் கப்பல் சேவை தொடங்கி, கட்டணப் போட்டியில் நிலைக்க முடியாமல் கைவிட்டார்.

வ.உ.சி. செய்தது இவற்றிலிருந்து வேறுபட்டது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் அன்னியத் துணியை மறுப்பதோடு பல இடங்களில் நின்றது. ஒரு துறைமுக நகரில் இருந்துகொண்டு, தங்கள் கடல் வழியே அன்னியர் கையில் இருப்பதைப் பார்த்த வ.உ.சி., அந்த இயக்கத்தைக் கடலுக்குக் கொண்டுபோனார். தனி முதலாளி ஒருவரின் துணிச்சலாக இல்லாமல் பொதுமக்களின் பங்குப் பணத்தில் நடந்த அரசியல் செயலாக அது இருந்தது. ‘முதல்’ என்ற பட்டம் இல்லாவிட்டாலும் இந்தச் செயலின் பெருமை ஒரு துளியும் குறையாது.

கப்பல் வாங்க அவ்வளவு பணம் ஏது? அவர் பெரிய பணக்காரரா?

வசதியான வழக்கறிஞர்தான். ஆனால் கப்பல் வாங்கும் செல்வம் அவரிடம் இல்லை. 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளுக்காக 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகராக இருந்தார்.

ஒரு ஜமீன்தார், ஒரு முஸ்லிம் வணிகர், ஊர் ஊராகப் பங்கு வாங்கிய சிறு வியாபாரிகள் என்று இத்தனை பேரை ஒரே நோக்கத்தில் சேர்த்ததுதான் அவருடைய முதல் அரசியல் வெற்றி என்று நினைக்கிறேன். கம்பெனியின் நோக்கங்களாக அவர்கள் அச்சிட்டதையும் கவனியுங்கள். கப்பல் ஓட்டுவதோடு அவை நிற்கவில்லை. கப்பல் ஓட்டவும் கட்டவும் நம்மவரைப் பழக்குவது, அதற்குக் கல்விச்சாலை அமைப்பது என்றெல்லாம் திட்டமிட்டிருந்தார்கள்.

குடை கொடுத்த கதை உண்மையா?

அது அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டுவரும் செய்தி. தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தனியாட்சி நடத்திவந்தது. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டு ஹார்வி நிறுவனம். சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பலை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுத்து அந்த வாடகையை முறித்தது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சமாளித்துவிட்டு, 1907-இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தார்கள்.

அதன்பின் கட்டணப் போர் மூண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு, இறங்கியது. அதற்குப் பதிலாக இலவசப் பயணத்தோடு குடையும் தருவதாக எதிர்த்தரப்பு ஆசை காட்டியது. அப்படியும் மக்கள் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி. இத்தகைய போட்டி எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம்; அதற்குக் கம்பெனியின் முடிவு பற்றிய கேள்வியில் வருகிறேன்.

கப்பல் கம்பெனி நடத்தியவர் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஏன் தலையிட்டார்?

பலர் இதைக் கிளைக்கதையாகவே கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுவே மையம். தூத்துக்குடிக் கோரல் ஆலையை நடத்தியதும் அதே ஹார்வி நிறுவனம். ஆலையில் வேலை நேரம் நீளம், கூலி அற்பம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். வ.உ.சி.யும் அவருடைய அரசியல் தோழர் சுப்பிரமணிய சிவாவும் அதற்கு முன்பே கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் நடத்திவந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் பட்டினி கிடந்த குடும்பங்களுக்குச் சோறு கிடைக்க வ.உ.சி. ஊரில் பணம் திரட்டினார். பலருக்கு வேறு வேலை தேடிக்கொடுத்தார்.

நகரமே தொழிலாளர் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்ய நாவிதர்கள் மறுத்தார்கள். வெள்ளையருக்குப் பண்டம் விற்கக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இணங்கியது. வங்காளத்தில் அரவிந்தரின் பத்திரிகை இந்த வெற்றியைப் பாராட்டி எழுதியது. படித்தவர்களின் மாநாட்டு அரசியல், ஆலைக் கூலிகளின் வயிற்றுப் பிரச்சினையோடு கைகோத்த இடம் இது. அரசாங்கம் அஞ்சியதும் இதைக் கண்டுதான்.

அப்படி என்னதான் பேசினார்? அந்தப் பேச்சு எங்கே கிடைக்கும்?

முழுமையாக எங்கும் கிடைக்காது. வழக்கில் ஆதாரமாக வைக்கப்பட்டவை போலீசார் கூட்டத்தில் இருந்து எடுத்த குறிப்புகள். அவர்கள் காதில் விழுந்தவை, அவர்கள் முக்கியம் என்று கருதியவை, அரசுத் தரப்புக்கு வேண்டியவை ஆகியவையே அவற்றில் தங்கின. வழக்கு விவரங்களிலிருந்து எடுத்து ‘வ.உ.சி.யின் கடற்கரைப் பேச்சு’ என்று அச்சிடப்படும் வாசகங்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பொருள் தெளிவாகவே தெரிகிறது. அன்னியப் பொருளை விலக்குங்கள், உள்நாட்டுத் தொழிலை வளருங்கள், சுயராஜ்யம் நம் உரிமை என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னார். அதைத் தமிழில், கடற்கரையில், படிக்காத மக்களிடம் சொன்னார். அதற்கு முன் காங்கிரஸ் மேடை பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவர்களின் மேடை. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரசுக்கு வ.உ.சி.யும் பாரதியும் போய்த் திலகர் அணியில் நின்றார்கள். அங்கே காங்கிரஸ் பிளந்தது. திரும்பி வந்தவர், தீவிரவாதிகள் என்று அழைக்கப்பட்ட அந்த அணியின் அரசியலைத் தூத்துக்குடி மணலில் மக்கள் மொழியில் பேசினார்.

கலெக்டர் வின்சிடம் அவர் பேசிய வீர வசனத்தை என் மகன் மனப்பாடம் செய்திருக்கிறான். அது உண்மையாகப் பேசியதா?

“சொந்த நாட்டிற் பரர்க்கடிமை செய்தே துஞ்சிடோம் – இனி அஞ்சிடோம்” என்று தொடங்குவதுதானே? அது பாரதியார் எழுதிய பாட்டு. கலெக்டர் மிரட்டுவதாக ஒரு பாட்டும், சிதம்பரம் பிள்ளை மறுமொழி சொல்வதாக ஒரு பாட்டும் அவர் எழுதினார். நண்பனின் நெஞ்சை நண்பன் அறிந்து எழுதிய பாட்டு. அதனால்தான் நூறாண்டுக்குப் பிறகும் சுடுகிறது. மகன் தாராளமாகச் சொல்லட்டும். ‘பாரதி பாடியபடி’ என்று சேர்த்துச் சொன்னால் போதும். இருவர் பெருமையும் கூடும்.

நிகழ்ந்தது இதுதான். வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான 1908 மார்ச் 9 அன்று தடையை மீறி ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. கலெக்டர் வின்ச் இவர்களைத் திருநெல்வேலிக்கு அழைத்து, இனி அரசியலில் ஈடுபடமாட்டோம் என்று நன்னடத்தைக்கு உறுதி கேட்டார். வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் மறுத்தார்கள். மார்ச் 12 அன்று சிறை. பாட்டில் உள்ள சொற்கள் பாரதியுடையவை. அந்த மறுப்பு வ.உ.சி.யுடையது.

இதேபோல, ‘சிதம்பரம் பிள்ளையின் பேச்சையும் பாரதியின் பாட்டையும் கேட்டால் செத்த பிணமும் எழும்’ என்பதையும் நீதிபதி தீர்ப்பில் எழுதிய வாசகமாக எல்லோரும் சொல்கிறார்கள். மக்கள் வாயில் வாழும் பாராட்டாக அதைச் சொல்லலாம். தீர்ப்பின் மேற்கோளாக மாணவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

கைதான மறுநாள் திருநெல்வேலியில் நடந்தது என்ன?

மார்ச் 13 அன்று கடைகள் அடைக்கப்பட்டன, மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் தீக்கிரையாயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள், இம்முறை கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக. திலகருக்குத் தண்டனை விதித்ததை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதே ஆண்டு ஜூலையில். தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது. இந்த வரிசை பாடப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் வரவேண்டும்.

நாற்பது ஆண்டு தண்டனை என்கிறார்கள், நாலே முக்கால் ஆண்டில் வெளியே வந்துவிட்டாரே?

1908 ஜூலை 7 அன்று செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஒரு ஆயுள் நாடுகடத்தல், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஆயுள் என்பதை இருபது ஆண்டாகக் கணக்கிட்டு நாற்பது என்று சொல்வது வழக்கம். சிவாவுக்குப் பத்தாண்டு. அதே மாதம் பம்பாயில் திலகருக்குக் கிடைத்தது ஆறாண்டு என்பதோடு ஒப்பிட்டால், பின்ஹேயின் கடுமை விளங்கும்.

இந்தத் தண்டனை ஆங்கில ஆட்சியாளரையே கூச வைத்தது. லண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரியாக இருந்த மார்லி, வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில், வ.உ.சி., சிவா இருவருக்கும் விதித்த தண்டனையை நியாயப்படுத்தவே முடியாது என்றும், அளவு மீறிய கடுமை ஒழுங்குக்கு வழியல்ல, வெடிகுண்டுக்கே வழி என்றும் எழுதினார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறை, 1910 டிசம்பரிலிருந்து கண்ணனூர்ச் சிறை, 1912 டிசம்பரில் விடுதலை. ‘நாலே முக்கால் ஆண்டுதானே’ என்று எண்ண வேண்டாம். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநிலை கலங்கியது. மனைவி மீனாட்சி அம்மாள் கைக்குழந்தைகளோடு வழக்குக்காக அலைந்தார். தண்டனை அவர் ஒருவரோடு முடியவில்லை.

செக்கிழுத்தது உண்மையா, உயர்த்திச் சொல்வதா?

உண்மை. அவரே எழுதியிருக்கிறார். செய்யுளில் எழுதிய சுயசரிதையில், கோவைச் சிறையில் முதலில் கொடுத்த வேலையில் கைத்தோல் உரிந்ததையும், அதைப் பார்த்த ஜெயிலர் மாட்டுக்குப் பதிலாக எண்ணெய்ச் செக்கைத் தள்ளும்படி பகலெல்லாம் வெயிலில் அனுப்பியதையும் சொல்லிவிட்டு, “அவனுடைய அன்புதான் என்னே!” என்று முடிக்கிறார். அழுது எழுதவில்லை, தன்னைத் தியாகி என்று ஓரிடத்திலும் உயர்த்திக்கொள்ளவும் இல்லை. அவருடைய குரலைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். மேடைக்காக மற்றவர்கள் எழுதிய கண்ணீர் வசனங்களைவிட இந்த ஒரு வரி ஆழமாக இறங்குகிறது. செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆஷ் கொலையில் அவருக்குப் பங்கு உண்டா?

வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது 1911 ஜூன் 17. அப்போது வ.உ.சி. கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். அந்தச் சதி வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் நீலகண்ட பிரம்மச்சாரி, வ.உ.சி. குற்றம் சாட்டப்படவில்லை. 1908-இல் ஆஷ் தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை ஒடுக்கியதில் முன்னின்றவர் என்பதால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு பேசப்படுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடைசியில் அந்தக் கப்பல் கம்பெனி என்ன ஆயிற்று?

அவர் சிறையில் இருந்தபோதே நொடித்து, 1911-இல் கலைக்கப்பட்டது. கட்டணப் போட்டியில் ஏற்கெனவே இரத்தம் வடிந்துகொண்டிருந்த கம்பெனி அது. எட்டணாக் கட்டணத்தில் கப்பல் ஓட்டுவதற்கு முதலாளித் திறமை மட்டும் போதாது. கையை விட்டுப் பணம் போனாலும் பங்குதாரரைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை ஊட்டியவர் சிறைக்குப் போனதும், அரசின் கெடுபிடிக்கு அஞ்சி மற்றவர்கள் பின்வாங்கினார்கள். 1908 மார்ச்சுக்கு முன்பே, அரசியலை விட்டுவிட்டுக் கம்பெனியை மட்டும் பார்க்கும்படி உள்ளேயிருந்தே அவருக்கு நெருக்கடி இருந்தது. அவர் இணங்கவில்லை.

அது வணிகரீதியில் தவறான முடிவு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கம்பெனியின் பிறப்பே அரசியல்தான் என்பதை மேலே பார்த்தோம். அரசியலைக் கழற்றிவிட்டால் அந்தக் கப்பலில் ஏறவும் பங்கு வாங்கவும் மக்களுக்குத் தனிக் காரணம் ஏதும் மிஞ்சியிருக்காது.

காந்தி அவருக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார் என்று படித்தேன். உண்மையா?

ஏமாற்றவில்லை. தாமதம் ஆனது, பிறகு கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த இந்தியர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிய தொகை காந்தியிடம் இருந்தது. 1915-இல் காந்தி சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தார்கள். அதன்பின் கடிதப் போக்குவரத்து நடந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரம் தேடுவதில் மாதங்கள் ஓடின. 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

இந்தக் கடிதங்களில் நான் தங்கி நிற்கும் இடம் வேறு. லட்சக்கணக்கில் பங்குப் பணம் திரட்டியவர், இன்றைய நிலையில் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நானும் என் குடும்பமும் இல்லை என்ற பொருளில் எழுதுகிறார். கெஞ்சல் இல்லை, மறைப்பும் இல்லை. வழக்கறிஞர் சன்னது, அதாவது தொழில் உரிமம், பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை நடத்திப் பார்த்தும் ஓடவில்லை. அந்தக் காலத்திலும் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் திரு.வி.க. போன்றவர்களோடு சேர்ந்து பணி செய்தார். காந்தி–வ.உ.சி. கடிதங்களை ஒருவரை இழிவுபடுத்த ஆயுதமாகப் பயன்படுத்துவது, அவற்றை எழுதிய இருவருக்கும் செய்யும் அநீதி.

வெள்ளைக்காரன் பெயரைத் தன் மகனுக்கே வைத்தாராமே?

ஆம். வாலேசுவரன். பறிபோன வழக்கறிஞர் சன்னதை மீண்டும் பெற உதவிய நீதிபதி வாலஸின் நினைவாக வைத்த பெயர். அன்னிய ஆட்சியை எதிர்த்தவர், தமக்கு நன்மை செய்த ஆங்கிலேயர் ஒருவரை மறக்கவில்லை. இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? அந்த உதவியால்தான் கோவையிலும் கோவில்பட்டியிலும் மீண்டும் தூத்துக்குடியிலும் தொழில் செய்து குடும்பத்தை நடத்த முடிந்தது.

இவ்வளவு தியாகம் செய்தவர் காங்கிரசை விட்டு ஏன் விலகினார்?

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் சிறப்புக் காங்கிரஸ் கூடியது. காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் அங்கே ஏற்கப்பட்டது: பட்டங்களைத் துறப்பது, நீதிமன்றம், பள்ளி, சட்டசபைகளைப் புறக்கணிப்பது. வ.உ.சி. அதற்கு உடன்படவில்லை. அவருடைய அரசியல் குரு திலகர் அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆகஸ்டு 1 அன்று காலமாகியிருந்தார். கிடைக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு அதை வைத்தே மேலும் போராடுவது திலகர் வழி. அந்த வழியில் வளர்ந்தவருக்குப் புதிய திட்டம் பொருந்தவில்லை, வெளியேறினார்.

அச்சமோ சலிப்போ காரணம் என்று எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. கொள்கை மாறுபாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார். 1927-இல் சேலத்தில் நடந்த அரசியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றுப் பேசியபோது விலகிய காரணத்தையும் அவரே விளக்கினார். அந்த உரை ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்ற பெயரில் அச்சாகியிருக்கிறது. கடற்கரைப் பேச்சுகளைப் போலப் போலீஸ் குறிப்பு வழியாக வந்ததல்ல இது. அவரே எழுதி வாசித்தது. அரசியலில் அவருடைய சொந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் இங்கேதான் போகவேண்டும். பிராமணர், பிராமணரல்லாதார் பிணக்கையும் அதில் மழுப்பாமல் எடுத்துப் பேசுகிறார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தை ஆதரித்தவர் அவர். பெரியாரோடு அவருக்கு இருந்த நட்பையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

சிறையிலிருந்து வந்தபின் ‘தமிழ்ப் புலவர்’ ஆகி ஒதுங்கிவிட்டாரா?

ஒதுங்கினார் என்பது சரியல்ல. தமிழ்ப் பணி சிறைக்குள்ளேயே தொடங்கிவிட்டது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல்களை ‘மனம் போல வாழ்வு’, ‘அகமே புறம்’ என்று தமிழாக்கினார். திருக்குறளை அடியொற்றி ‘மெய்யறம்’ எழுதினார். வெளியே வந்தபின் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை 1917-இல் பதிப்பித்தார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையோடு 1928-இல் வெளியிட்டார். பொருளதிகாரப் பதிப்பில் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையோடு சேர்ந்து உழைத்தார். 1935-இல் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்துக்கு உரை எழுதினார். கையில் காசில்லாத ஒருவர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு, அச்சுக்கூலிக்கு ஆள் தேடி இவ்வளவையும் செய்திருக்கிறார்.

அரசியலும் நிற்கவில்லை. 1930-களில் கொழும்பு ‘வீரகேசரி’யில் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக எழுதினார். ஒரு காலத்தில் கப்பல் விட்ட அதே கொழும்பிலிருந்துதான் அவருடைய குருவின் வரலாறு தமிழில் வெளிவந்தது.

இந்தியத் தேசியவாதியா, தமிழ்த் தேசியவாதியா? இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடுகிறதே?

அவருடைய காலத்துச் சொற்களில் பதில் சொன்னால், பாரத நாட்டின் சுயராஜ்யம் அவருடைய இலக்கு, திலகர் தலைவர், தமிழ் அவருடைய உயிர். மூன்றும் ஒரு மனத்தில் இடிபடாமல் இருந்தன. வங்காளத்து விபின் சந்திர பாலர் விடுதலைக்காகத் தூத்துக்குடியில் விழா எடுத்துச் சிறை போனவரை இந்தியத் தேசியத்திலிருந்து பிரிக்க முடியாது. தொல்காப்பியத்துக்கும் குறளுக்கும் கடைசிக் காலத்தை எழுதிவைத்தவரைத் தமிழிலிருந்தும் பிரிக்க முடியாது. பின்னால் எழுந்த கட்சிக் கோடுகளைப் பின்னோக்கி இழுத்து அவர் மேல் கட்டுவது நமக்கு வசதி, அவருக்கு நியாயமல்ல.

சாதிச் சங்கங்கள் அவர் படத்தை மட்டும் பெரிதாக வைத்து ஊர்வலம் போவதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். பங்கு கொடுத்த பக்கீர் சேட்டையும் பாண்டித்துரைத் தேவரையும், உடன் சிறை சென்ற சிவாவையும், பட்டினி கிடந்த கோரல் ஆலைத் தொழிலாளரையும் விட்டுவிட்டு வ.உ.சி.யைத் தனியாகப் பிரித்தெடுத்தால், அவர் செய்ததில் பாதி காணாமல் போய்விடும்.

கடைசிக் காலத்தில் யாரும் கவனிக்கவில்லை என்பது உண்மையா?

முழுவதும் அப்படியல்ல, நண்பர்களும் அன்பர்களும் இருந்தார்கள். விடுதலையான நாளிலேயே பெரும் வரவேற்பு இல்லை என்பதும், கடைசிவரை பண நெருக்கடி தீரவில்லை என்பதும் உண்மை. 1936-இல் எழுதிய உயிலில் துணிக்கடை, எண்ணெய்க்கடை என்று யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கடன்களைக் குறித்துவைத்திருக்கிறார். தம் விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே உயிர் துறந்தார். முரண்பட்டு வெளியேறிய கட்சியின் அலுவலகம் அது என்பதைக் கவனியுங்கள்.

என் மகளுக்கு ஐந்து நிமிடப் பேச்சுப் போட்டி. எதைச் சொல்ல, எதை விட?

பிறந்த ஊர், பெற்றோர், பட்டங்கள் என்று முதல் இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம். நடுவருக்கு அது தெரியும். கோரல் ஆலை வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கட்டணப் போரை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். சிறைக்கு, செக்கைப் பற்றி அவரே எழுதியது போதும். குரலை நடுங்கவைத்து நடிக்க வேண்டியதில்லை. மிச்ச நேரத்தை 1912-க்குப் பிந்திய வாழ்க்கைக்கு ஒதுக்குங்கள்: பதிப்புகள், சேலம் உரை, உயில். பாரதி வரிகளைச் சொன்னால் பாரதி பெயரோடு சொல்லட்டும். நேரம் மிஞ்சினால் மார்லி கடிதத்தைச் சேர்க்கலாம். அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.